வத்தல் மூட்டைக்குப் பின்னால் ஒரு இன்டர்வியூ

கோவில்பட்டியில் மிளகாய் வத்தல் மண்டி என்றால் என் மண்டிதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மூட்டை தூக்க வந்தவன், மூட்டைகளுக்கே சொந்தக்காரன் ஆனேன். யாரும் கை தூக்கி விடவில்லை. ஒரு வத்தலை ஒடித்து முகர்ந்தால் போதும், பசுவந்தனைப் பக்கத்துக் கரிசலில் விளைந்ததா, கயத்தாற்றுப் பக்கத்துச் செவலில் விளைந்ததா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்வதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

அப்படிப்பட்ட நான், என் சொந்த மண்டியில், என் சொந்த மூட்டைகளுக்குப் பின்னால், கால் மரத்துப்போகும்வரை குத்தவைத்து உட்கார வேண்டிவந்தது. மகளின் இன்டர்வியூவால் வந்தது அது.

மகள் கம்ப்யூட்டர் படித்தவள். காலேஜுக்கே வந்து ஆள் எடுக்கும் கம்பெனிகள் அவள் படித்து முடித்த வருஷம் பார்த்து வராமல் போயின. அதிலிருந்து வீட்டில் உட்கார்ந்தபடியே தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கம்பெனி டெஸ்ட் வைக்கும், பதிலே போடாது. இன்னொன்று சுற்றுச் சுற்றாகக் கேள்வி கேட்டுவிட்டு, அந்த வேலையே இப்போது இல்லை என்று சொல்லும்.

"புதுசா வாரவங்களுக்குத்தான் வேலைன்னு போடுதாங்க. உள்ள போனா அனுபவம் இருக்கான்னு கேக்காங்கப்பா" என்பாள்.

"என்கிட்ட எவன் அனுபவம் கேட்டான்? மூட்டையத் தூக்குலேன்னான், தூக்குனேன்" என்பேன்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இதற்கிடையில் எப்போதும்வென்றான் ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், பையனுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. நான் மகளிடம் முடிவாகச் சொல்லிவிட்டேன். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்தால் பார்த்துக்கொள். சென்னை, பெங்களூர் என்றால் கிடையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்டர்வியூவும் தவறினால் பெண் பார்க்க அவர்களை வரச் சொல்லிவிடுவேன். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டி லீவு. வீட்டில் நெட் விட்டு விட்டு வரும். மண்டியில் கேபிள் இழுத்திருந்தேன். அதனால் இன்டர்வியூவை மண்டியில் வைத்துக்கொண்டாள். என் மேஜையைத் துடைத்து, பின்சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை வைத்தாள். தெருச்சத்தம் கேட்கக்கூடாது என்று ஷட்டரை நான்தான் முழுக்க இறக்கிவிட்டேன்.

"நீங்க வீட்டுக்குப் போங்கப்பா. ரூம்ல யாரும் இருக்கக் கூடாது."

"ஏட்டி, என் மண்டியில நான் இருக்கக் கூடாதா?"

"இருந்தா காப்பி அடிக்கேன்னு நெனைப்பாங்க."

"எனக்கு என்ன தெரியும்னு என்னையப் பாத்து காப்பி அடிக்கப் போற?"

சிரித்துவிட்டாள். "அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவியளுக்குத் தெரியுமா?"

போகிறேன் போகிறேன் என்று நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பில் ஒரு அம்மாவின் குரல் வந்துவிட்டது. எடுத்த எடுப்பிலேயே அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். ஷட்டரைத் தூக்கினால் எட்டயபுரத்துக்கே கேட்கும். வேறு வழியில்லாமல், மேலே மேலே அடுக்கியிருந்த வத்தல் மூட்டை அட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். மகள் நான் ஒளிகிறவரை பார்த்திருந்து, மெல்ல லேப்டாப்பைத் திருப்பினாள்.

வத்தல் நெடி என்னை ஒன்றும் செய்யாது. புதிதாக வருகிறவன் வாசலிலேயே தும்முவான். நான் அதற்குள்ளேயே படுத்துத் தூங்கியவன். பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பழக்கமில்லாத வேலை.

பேச்சு இங்கிலீஷில் ஓடியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் குரல் விளங்கும். ஏலத்தில் எவன் வாங்க வந்தவன், எவன் சும்மா கேட்கிறவன் என்பதைக் குரலை வைத்தே பிரிப்பவன் நான். மகள் முதலில் தெளிவாகப் பேசினாள். பிறகு எதையோ எழுதிக் காட்டச் சொன்னார்கள். தட்டும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. யோசிப்பதற்காக அண்ணாந்து பார்த்திருப்பாள் போல.

"கண்ணை ஸ்கிரீனை விட்டு எடுக்காதீங்கம்மா" என்று அந்த அம்மா தமிழில் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. கணக்குப் போடும்போது கூரையைப் பார்க்காத மனுஷன் உண்டா? அந்தப் பிள்ளை மேலேயும் பார்க்காமல், பக்கத்திலும் பார்க்காமல், நேராகப் பார்த்துக்கொண்டே யோசிக்க வேண்டும். நான் மூட்டைக்குப் பின்னால் அடைபட்டேன் என்றால், அவள் வெளிச்சத்தில் உட்கார்ந்தபடியே அடைபட்டிருந்தாள்.

கடைசியில் அந்த அம்மா தமிழுக்கே வந்துவிட்டார்.

"வேலை சென்னையில. தினமும் ஆபீஸ் வரணும். வெளியூர்ப் பொண்ணுங்க செலக்ட் ஆனப்புறம் வீட்ல விடலன்னு சொல்லிடுறாங்க. உங்க அப்பா என்ன சொல்றார்?"

சென்னை என்று இவள் என்னிடம் மூச்சு விடவில்லை. மகள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள், சென்னைக்குக் கேட்பதற்காக இல்லை, மூட்டைக்குப் பின்னால் கேட்பதற்காக.

"அப்பா சம்மதிச்சாச்சு மேடம். எந்த ஊர்னாலும் போகச் சொல்லிட்டாங்க."

வாயைத் திறந்துவிட்டேன். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் அறைக்குள் ஆளை ஒளித்து வைத்தாள் என்று அப்போதே அவளைக் கழித்துவிடுவார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பேச்சு முடிந்து அவள் லேப்டாப்பை மூடியதும் அட்டியைப் பிடித்து எழுந்தேன்.

"ஏட்டி, யாரக் கேட்டுச் சொன்ன?"

"உங்களக் கேட்டுத்தான். நீங்க அங்கனதான இருந்தீங்க."

"நான் எப்படிப் பேச முடியும்?"

"போன மாசம் பசுவந்தனைக்காரர் வத்தலுக்கு வெல பத்தலன்னு வந்து அழுதப்ப என்ன சொன்னீங்க? மூட்ட வாயத் தைக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீருல்லா, அப்ப வேண்டாம்னு சொல்ல வாய் இல்லையாய்யான்னு கேட்டீங்கள்லா?"

எங்கள் மண்டியில் அதுதான் வழக்கம். விலையை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்வோம். வத்தலை விளைவித்த சம்சாரி பக்கத்தில் நிற்பார். சாக்கின் வாயைத் தைத்து முடிக்கிறவரை அவர் மறுக்கவில்லை என்றால் சம்மதம். தைத்த பிறகு அழுதாலும் பிரிக்க மாட்டேன். எத்தனையோ பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் மண்டிக்குப் பெயர் வந்ததே அதனால்தான்.

அந்த வாரமே பதில் வந்துவிட்டது. அவளை எடுக்கவில்லை. மகள் போனை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"சரி, விடு. அப்ப அந்தப் பேச்சு முடிஞ்சிது" என்றேன்.

"கம்பெனிதான வேண்டாம்னுச்சு? நீங்க சொன்னது எந்த ஊர்னாலும்னு."

"நான் எங்கட்டி சொன்னேன்?"

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி, "ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், பெத்த பிள்ளைக்கு ஒரு சட்டமா?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து மண்டி விஷயத்தில் வாயே திறக்காதவள் அவள்.

சாயங்காலம் எப்போதும்வென்றானுக்குப் போன் போட்டேன்.

"எப்பம் வரட்டும் அண்ணாச்சி?" என்றார் பையனின் அப்பா.

"இப்ப வேண்டாம் அண்ணாச்சி. பிள்ள சென்னைக்குப் போறா."

"வேல கெடச்சிட்டாக்கும்? சந்தோஷம்."

"கெடைக்கல. அங்கன இருந்து தேடப் போறா."

"வேல இல்லாமலா பொம்பளப் பிள்ளய அனுப்புதீய?"

"சம்மதம்னு ஆகிப்போச்சு அண்ணாச்சி."

"யாருகிட்ட சொன்னீய?"

பேச்சுக்கு அஞ்சாதவன் நான். வியாபாரத்தில் என்னை மடக்கியவன் இந்தச் சீமையில் கிடையாது. போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அவர் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

உள்ளே மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஊறுகா வைக்கட்டா, சாம்பார்ப் பொடி வைக்கட்டா?" என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.