அப்பாவை நடக்கவிட்டோம்

மருத்துவமனை நடைக்கூடத்தில் அப்பாவை வீல்செயாரில் தள்ளிக்கொண்டு போனேன். அவருக்கு எழுபத்து மூன்று வயது. மலத்தோடு இரத்தம் போவதை மூலம் என்று சொல்லி நெடுநாள் மறைத்திருந்தார். கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியே சிறு கமராவைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்தபோது கட்டி தெரிந்தது. புற்றுநோய். வேறெங்கும் பரவவில்லை, வெட்டி எடுத்தால் குணமாக வாய்ப்புண்டு என்றார்கள்.

சத்திரசிகிச்சை நிபுணர் யாழ்ப்பாணத்துப் பெண். அறிக்கையைப் பார்க்குமுன் வீல்செயாரைப் பார்த்தார்.

“அப்பாவுக்கு நடக்க ஏலாதோ?”

“ஏலும் டொக்டர். கேன்சர்னு சொன்னதும் நாங்கதான் நடக்க விடல.”

“ஐயா, எழும்பி அந்தக் கதவடிக்குப் போட்டு வாங்கோ.”

அப்பா போனார். திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். என்ன சாப்பாடு என்று டொக்டர் கேட்டார். கஞ்சிதான். நோயாளிக்குப் பத்தியம் என்று மீன், முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் அம்மா நிறுத்தியிருந்தார்.

“வயசு எனக்குப் பிரச்சினை இல்லை, தம்பி. பலம்தான் பிரச்சினை. இப்பிடி இருந்தால் ஒப்பரேசனை இவர் தாங்கமாட்டார். மூண்டு கிழமை தாறன். சாப்பிட வைச்சு, நடக்க வைச்சுக் கொண்டு வாங்கோ. தேறினால் வெட்டுறன். இல்லாட்டி நோவுக்கு மருந்து மட்டும்தான்.”

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். வீட்டில் என் சொல்லுக்கு மதிப்புண்டு, அம்மாவின் அடுப்படியைத் தவிர.

“படிச்சுப்புட்டா எல்லாம் தெரிஞ்சிருமா? முட்ட தின்னா சீழ் வைக்கும்டா,” என்றார் அம்மா.

“வெட்டவே இல்ல, அதுக்குள்ள எங்கடி சீழ் வைக்கப் போகுது? ரெண்டா அவி,” என்றார் அப்பா.

எங்கள் வீடிருக்கும் மஹய்யாவ ஒழுங்கைகளில் காலையும் மாலையும் நடந்தோம். எங்களைக் கண்டதும் கடைக்காரர் கதிரையைத் தூக்கிக்கொண்டு வருவார்.

“ஒக்காருங்கண்ணே, முடியாத ஒடம்பு.”

“உள்ள கொண்டு போய்யா. நான் ஒக்காந்தா டொக்டரம்மா கத்திய கீழ வச்சிரும்.”

இப்படிப் பேசியவர்தான் ஒரு மாலை வழியிலிருந்த மதிலில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

“போதும்டா. எழுபத்து மூணு வருசம் இருந்தாச்சு.”

“எனக்குப் பத்தலப்பா,” என்றேன்.

அப்பா என் தோளைப் பிடித்து எழுந்தார்.

மூன்று கிழமை கழித்து அதே நடைக்கூடத்தில் சுவரைத் தொடாமல் போய்த் திரும்பினார். டொக்டர் சிரித்தார். “ஓம் ஐயா, வெட்டுவம்.”

கட்டி இருந்த குடற்பகுதியை வெட்டி நீக்கி, மீதியை இணைத்தார்கள். மறுநாளே தாதி அவரை எழுப்பி நிறுத்தினார். கட்டி முழுவதும் எடுபட்டுவிட்டதாக அறிக்கை வந்தது. அம்மா அதை என்னிடம் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு மீன் வாங்கப் போனார்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இந்த நோய் என்றால், வயதைச் சொல்லி நீங்களாகவே கையை விரித்துவிடாதீர்கள். சிகிச்சைக்கு இவரை எப்படித் தயார்படுத்துவது என்று வைத்தியரிடம் கேளுங்கள். படுக்க வைப்பதுதான் அன்பு என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

பரிசோதனைகள் தொடர்கின்றன. எல்லாம் சுகம். போன மாதம் அம்பிட்டியவில் அக்கா வீட்டு விருந்துக்குப் போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கினால் செங்குத்தான ஏற்றம். முன்பெல்லாம் அப்பாவைப் பார்க்கும்போது, இன்னும் எத்தனை வருடம் என்று மனம் தானாகக் கணக்குப் போடும். அன்று எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த அவருடைய கெண்டைக்கால்களை மட்டுமே பார்த்தேன். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன்.

மேலேயிருந்து அப்பா கூப்பிட்டார்.

“வாடா கெழவா, சோறு ஆறுது!”