ஒத்துப்போன பதினோரு நாள்

குலாம் முகம்மது பாயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. காரணம் அவரில்லை, நான்.

கடலூர் துறைமுகத்தில் இருபது வருஷம் மூட்டை எண்ணியவர் அவர். தோணியில் கப்பல்காரரின் ஆள் எண்ணுவார், கரையில் இவர் எண்ணுவார். எண்ணிக்கை இடித்தால் இருவரும் உட்கார்ந்து பேசி ஒன்றாக்கித்தான் கையெழுத்துப் போடுவார்கள். இடிக்கிற சீட்டை மேலே அனுப்புவது அங்கே மானக்கேடு.

முழங்கால் தகராறு செய்ததால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் எங்கள் வேலைக்கு வந்தார். பூமி சூரியனை நெருங்கும்போது ஈர்ப்பு விசை இம்மியளவாவது மாறுகிறதா, ஐன்ஸ்டீன் சொன்னது சரிதானா என்று பார்க்க ஐந்து நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக்குப் பேராசிரியர் ஞானசேகரன் பொறுப்பு. ஈர்ப்பை அளக்கும் பெட்டி சிதம்பரத்தில் என்னிடம் ஒன்று, கடலூரில் பாயிடம் ஒன்று. தினமும் மூன்று வேளை, குறித்த நிமிஷத்தில் முள்ளைப் பார்த்து எழுத வேண்டும். ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது கண்டிப்பு.

பதினைந்து நாளைக்கொருமுறை பாய் நோட்டோடு ரயிலேறி சிதம்பரம் வருவார். டீ குடித்துவிட்டு இருவரும் சேர்ந்து போய்ப் பேராசிரியரிடம் கொடுப்போம். அறுபத்தைந்து ஜனவரியில் வந்தவர் டீயைத் தொடவே இல்லை.

"மச்சான், முள்ளு நிலையா நிக்க மாட்டேங்குது. காலைல ஒண்ணு காட்டுது, மத்தியானம் வேற காட்டுது. என் கண்ணு போச்சோ என்னமோ. உன்னுது எப்படி?"

பெருமையாகத்தான் நோட்டை நீட்டினேன். பதினோரு நாளாக என் எண்கள் ஆடாமல் அசையாமல் நின்றன. சுத்தமான கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

பாயின் முகம் தொங்கிப்போயிற்று. "ஜாஸ்தி இடிக்குதே" என்றார். ரப்பரை எடுத்து, பென்சிலில் எழுதியிருந்த தன் எண்களை அழித்துவிட்டு, என்னுடையதை ஒட்டி எழுதினார். நான் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தேன்.

ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. நிலா இழுக்கிற இழுப்பில் முள் தினமும் கொஞ்சம் ஏறி இறங்கும். மற்ற நாடுகளின் நோட்டுகளில் அது இருந்தது. சிதம்பரம் நோட்டில் பதினோரு நாள் அது இல்லை. முள் சிக்கியிருக்கும், எந்தப் பெட்டியும் சிக்கும். கடலூரிலும் அதே பதினோரு நாள் எப்படிச் சிக்கும்? சூரியனை நெருங்கிய நாட்களே அவைதான்.

பேராசிரியர் இருவரையும் கூப்பிட்டார். "சுப்பராயலு, உங்க நோட்ட இவருக்குக் காட்டினீங்களா?"

அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. "இல்லீங்க சார்" என்றேன். சொன்ன வாய் இன்னும் என்னுடையதுதான், வெட்கக்கேடு.

பாய் என் பக்கம் திரும்பவில்லை. "அவுரு கை கழுவப் போயிருந்தாரு சார். பையிலேர்ந்து நாந்தான் எடுத்துப் பாத்தேன். ரெண்டும் இடிக்கக் கூடாதேன்னு மாத்திட்டேன்."

"நீங்க மொதல்ல எழுதினதுதான் சரி, பாய்" என்றார் பேராசிரியர். "நம்ம பக்கத்துல அந்த நாளுங்களுக்கு இருந்த ஒரே அளவு அதுதான்."

பாய் நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அழித்த தடத்தைப் படிக்கப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. நன்றாகவே அழித்திருந்தார்.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கடலூர் நோட்டு முழுவதையும் தள்ளிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கட்டுரை அச்சில் வந்தது. கடைசியில் நன்றி சொன்ன பெயர்களில் என் பெயரும் இருந்தது. அதை யாரோ பாயிடம் காட்டியிருக்கிறார்கள். கடலூர் பஜாரில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பேரு இங்கிலீசுல அழகா இருக்குது, மச்சான்" என்றார். மனசாரத்தான் சொன்னார்.