அந்தமான் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி

அந்தமானுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது நான்தான். இத்தனை நடந்த பிறகும் இந்தக் கதையை அப்படித்தான் ஆரம்பிக்கத் தோன்றுகிறது. அதுவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். முப்பத்தொரு வயது வரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு பெண் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பவளப்பாறைகளுக்கு நடுவே மீன்களோடு போய்க்கொண்டிருந்தாள். மறுநாள் கேன்டீனில் என்னோடு சாப்பிடுகிற இரண்டு பேரிடம் அதைக் காட்டினேன்.

ஒருத்தி ஸ்டோர்ஸில் இருந்தாள். வீட்டில் கன்னடம். "ஹோகோணா, போலாம் வாங்க" என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். இன்னொருத்தி இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டுகிற பிரஸ் லைனில் மிஷின் ஓட்டினாள். சாமல்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், நிலக்கடலையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். என்னைவிட ஐந்து வயது சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். அவள் வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "உள்ள காது அடைக்குமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

திட்டம் போடுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. குடியரசு தினத்தோடு லீவைச் சேர்த்தேன். பெங்களூரிலிருந்து விமானம், போர்ட் பிளேரிலிருந்து கப்பல், எந்தத் தீவில் எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் எக்ஸெல்லில் போட்டு, கலர் கொடுத்து, இரண்டு பேருக்கும் அனுப்பினேன். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கொஞ்ச ஆழம் கூட்டிப் போவார் என்று அங்கே டைவிங் சொல்லித்தருகிற பள்ளியின் இணையதளத்தில் எழுதியிருந்தார்கள். ஆனாலும் தண்ணீர் பயம் போக வேண்டுமே. கெலவரப்பள்ளி அணைக்குப் போய்ப் பார்த்தோம். மதகுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக ரசாயன நுரை மிதந்தது. திரும்பி வந்துவிட்டோம். "எங்க ஊருக்கு வாங்கக்கா, கெணத்துல கத்துக்கலாம்" என்றாள் சின்னவள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனேன். முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிவிட்டு, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து என்னை மிதக்க வைத்தாள். நான் அலறும்போது சிரிக்கவில்லை. "காலை மட்டும் அடிங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்பாள். அவள் மேல்படியிலிருந்து குதித்து அடி மண்ணை அள்ளிக்கொண்டு வருவாள். நான் மூன்றாவது வாரம் கேன் இல்லாமல் நாலு முழம் போனேன். அவ்வளவுதான்.

அன்றைக்கு அவள் துணி மாற்றப் போன நேரத்தில் அவள் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கடலுக்குள்ள போறீங்களாமே கண்ணு. இவள கொஞ்சம் பாத்துக்க. நாலு வயசுல காய்ச்சல் ஏறி ஜன்னி வந்துச்சி. ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. இருந்தாலும் எனக்கு மனசு அடிச்சிக்குது. வெளிய யாருகிட்டயும் சொல்லிடாத, மாப்ள பாத்துட்டிருக்கோம்."

"எதுக்கும்மா சொல்லப்போறேன்" என்றேன். அவர் என் தலையில் கையை வைத்தார்.

அடுத்த வாரம் அந்தப் பள்ளியின் பயிற்சியாளரோடு வீடியோ காலில் பேசினோம். கேள்விகளை நான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அவர் யாருக்கு நீச்சல் தெரியும் என்று கேட்டதும் பேச்சு முழுக்க அவள் பக்கம் போய்விட்டது. எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பாய், காதை எப்படிச் சரிசெய்வாய் என்று அவர் கேட்க, அவள் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தயங்காமல் பதில் சொன்னாள். நீ சும்மா மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டாம், சான்றிதழ் படிப்பே செய்யலாம், நாற்பது அடி வரை போகலாம் என்றார். ஸ்டோர்ஸ்காரியும் பள்ளிக்கூடத்தில் நீச்சல் பழகியவள். தானும் அதையே செய்கிறேன் என்றாள். என்னிடம், "மேடம், உங்களை ஒருத்தர் பிடித்துக்கொள்வார், கவலை வேண்டாம்" என்றார்.

அன்று சாயங்காலமே அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் எக்ஸெல்லில் தேதிகளை மாற்றினார்கள். என்னைக் கேட்டுத்தான் மாற்றினார்கள். சரி சரி என்றேன். என் பயணத்தை யாரோ கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது மாதிரி இருந்தது.

பிறகு டைவிங் பள்ளியிலிருந்து மருத்துவப் படிவம் வந்தது. அச்செடுத்துக் கொண்டுபோய் மதியச் சாப்பாட்டின்போது மூன்று பேரும் நிரப்பினோம். ஒன்பதாவது கேள்வி: எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா? சின்னவளின் பேனா 'இல்லை' என்ற கட்டத்துக்குப் போனது.

"ஏய், உனக்கு ஃபிட்ஸ் வந்திருக்குல்ல? உங்கம்மா சொன்னாங்களே" என்றேன்.

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சத்தமாகச் சொன்னேன். அவள் அம்மா சொன்ன வார்த்தை ஜன்னி. ஃபிட்ஸ் என்ற வார்த்தையைத் தேர்ந்தெடுத்தது நான். சொல்லும்போது என் குரலில் அக்கறை இருந்தது. அந்த அக்கறை பொய் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அவள் பேனாவை மூடினாள். "அது குழந்தையில காய்ச்சல்ல வந்ததுக்கா" என்றாள். ஸ்டோர்ஸ்காரி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பின் மேஜையில் பிரஸ் லைன் சூப்பர்வைசர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவளை மிஷினிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். வலிப்பு வருகிற ஆள் பிரஸ்ஸில் நிற்கக்கூடாது, டாக்டர் சர்டிபிகேட் வரும்வரை இப்படித்தான் என்றார்களாம். ஒரே நாளில் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

"சார், அது நாலு வயசுல காய்ச்சல்ல வந்தது சார். நான் ஏதோ விளையாட்டா சொல்லிட்டேன்."

"இதுல விளையாட்டு என்னம்மா? நீங்க சொன்னதாலதான தெரிஞ்சது. நல்ல காரியம் பண்ணீங்க" என்றார்.

அதோடு விடவில்லை. அந்த வாரக் காலை மீட்டிங்கில், பாதுகாப்பு விஷயத்தில் விழிப்பாக இருந்ததற்காக என்னை முன்னால் கூப்பிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் கிடைத்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். பேக்கிங் ஆட்கள் வரிசையில் அவளும் நின்றாள். அவளும் தட்டினாள்.

அன்று கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளே என்னிடம் வந்தாள்.

"என் நல்லதுக்குத்தான் சொன்னீங்களாக்கா?"

"ஆமா. தண்ணிக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா..."

"அப்போ தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே."

பஸ் வந்தது. அவள் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். எப்போதும் நாங்கள் பின்சீட்டில் ஒன்றாக உட்காருவோம்.

பயணம் நின்றுபோனது. ஸ்டோர்ஸ்காரி, "எனக்கு மனசில்ல, நீங்க வேணா போங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு சாப்பிட வரவில்லை. விமான டிக்கெட்டை நானே ரத்து செய்தேன். சின்னவள் தர்மபுரியில் டாக்டரைப் பார்த்து, தலை ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கி வந்தாள். கம்பெனி அதைப் படித்து முடிவு செய்ய ஏழு வாரம் ஆனது. மிஷினுக்குத் திரும்பினாள். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

அவள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி சாமல்பட்டியில் இறங்கினேன். அவர் களத்தில் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். "வா கண்ணு, ஏன் இத்தன நாளா வரல?" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சாப்பிட வைத்தார். கெணத்துல தண்ணி இறங்கிடுச்சி, இப்ப வந்து என்ன கத்துக்குவ என்று கேலி செய்தார். அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது.

கை கழுவ எழுந்தபோது, லீவுக்கு வீட்டில் இருந்த மகள் பின்னாலேயே வந்தாள்.

"சொல்லத்தான வந்தீங்க?"

தலையை ஆட்டினேன்.

"சொல்லாதீங்க. தான் சொன்னதாலதான் இப்படி ஆச்சுன்னு அது அழும். உங்க மனசு லேசாகறதுக்கு எங்கம்மா ஏன் அழணும்?"

நான் சொல்லவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா ஒரு பை நிறையப் பச்சைக்கடலை கொடுத்தார். வாங்காமல் வந்தால் சந்தேகம் வரும் என்று வாங்கிக்கொண்டேன். ரயிலில் பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் அந்தப் பையைக் கொடுத்துவிட்டேன்.

போன வருஷம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கல்யாணமாகியிருந்தது. ஒளிந்துகொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள். நல்லா இருக்கீங்களாக்கா என்றாள். அந்தமானுக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னாள். வீட்டுக்காரர் படகிலேயே உட்கார்ந்துகொண்டாராம், அவள் மட்டும் இறங்கினாளாம். "முதல்ல காது வலிச்சிச்சி. அப்புறம் சரியாயிடுச்சி. ஆமை ஒண்ணு கிட்டயே வந்துச்சிக்கா, நம்ம மேல பயமே இல்ல அதுக்கு."

கிருஷ்ணகிரி பஸ் வந்து நின்றது. அவள் பையை எடுத்தாள். அந்த அவசரத்தில்தான் என் வாய் திறந்தது.

"அன்னிக்கு நான் உன் நல்லதுக்குச் சொல்லல. பொறாமைல சொன்னேன்."

அவள் முகம் மாறவில்லை. "தெரியும்க்கா" என்றாள். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, போனை எடுத்து யாருக்கோ பேச ஆரம்பித்தாள். பஸ் கிளம்பும்வரை நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.