ரோஜாவுக்கு வெட்டிய குழி

மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், வீட்டுக்குப் பின்னால் ரோஜாத் தோட்டம் போட ஆசைப்பட்டேன். கூலித் தகராறின்போது மாமனார், வயலில் வேலை செய்தவர்களின் குடிசைகளைப் பிரித்தெறிந்து வேலி போட்ட இடம் அது. அந்தக் கதை எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தைக் கேட்டேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், எங்கள் வயலில் வேலை செய்யும் ஓர் அம்மாளைக் குழி வெட்டக் கூப்பிட்டேன். வேலியோரம் நான் காட்டிய இடத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"கொஞ்சம் தள்ளி வெட்டட்டுங்களாம்மா?"

"இங்கதான் வெயில் நல்லா விழுது" என்றேன்.

வெட்ட ஆரம்பித்தார். முழங்கால் ஆழம் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை விலக்கினார். சின்னச் சின்ன எலும்புகள். கூடவே இரண்டு கருவளையல்கள்.

"எம் பொண்ணுங்கம்மா. எங்க குடிச இங்கதான் இருந்துச்சு. கைப்புள்ளையில செத்தவளக் கொல்லையிலயே பொதச்சோம்."

நான் குழியை விட்டு விலகி நின்றேன். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"வேலி போட்டப்பவே சொன்னோங்க. பெரியவர் காதுல வாங்கல."

"மூடிடலாம். நான் இங்க எதுவும் வைக்கல."

"வேணாங்கம்மா. இப்ப காலனியில எங்களுக்குப் பட்டா மனை இருக்கு. அங்க வச்சுக்கிறேன்."

எலும்புகளை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். குழியை நானே மூடினேன்.

மறுநாள் அவர் வழக்கம்போல நடவுக்கு வந்திருந்தார். சாப்பாடு கொண்டுபோன நான், அவர் நிமிர்வதற்குள் தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டு வேகமாகத் திரும்பி நடந்தேன்.