'அளவு ரவிக்கை' என்று ஒரு பெயர்

அன்று மயிலாப்பூர் ஜெராக்ஸ் கடையில் இருந்தது மூன்றே பேர்: நான், கடைக்காரர், அரங்கேற்ற அழைப்பிதழ் அடிக்க வந்திருந்த ஒரு அம்மாள். நான் எட்டாவதோடு நின்ற லேடீஸ் டெய்லர். தையல் பற்றி நான் எழுதும் வலைப்பூவுக்கு 'அளவு ரவிக்கை' என்று பெயர். அளவுக்காகக் கொடுத்துவிட்டுப் போகும் பழைய ரவிக்கையை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். அந்தப் பெயரை விசிட்டிங் கார்டில் போடச் சொன்னேன்.

கடைக்காரர் எப்போதும்போல் பேனா மூடியால் காதைக் குடைந்து, அதை மோந்து பார்த்தார்.

"பேரு ஷோக்கா கீது நைனா. யாருக்கு அளவு எட்த்த?" என்று இளித்தார்.

அந்த அம்மாள் சட்டென்று தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பெண்கள் நம்பி வராவிட்டால் என் மிஷின் ஓடாது.

"என் பிளாக் பேரையே மாத்திடறேங்க" என்றேன்.

"ஐய, மாத்தாத! அது உன்னுதா? நான் வேற இன்னாவோனு நெனச்சுதான் தொறந்தேன். அப்பால நீ எழுதினத பாத்து, சம்சாரத்துக்கு அக்குள்ல பிடிக்காம ஒரு ஜாக்கெட் தெச்சேன். மாத்திட்டா நான் எங்க போய்த் தேடுறது?"

நான் எழுதியதைப் பார்த்துத் தைத்ததாக இதுவரை சொன்ன ஒரே ஆள் அவர்தான். பெயரை இன்னும் மாற்றவில்லை. அந்தப் பாராட்டை வேறு யாராவது வந்து சொல்லியிருக்கக் கூடாதா?