கண்மாய்க்கரைக்கு ஒரு துணை

எங்கள் ஊரில் அஞ்சாவது வரைதான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் கண்மாய்க்கரை வழியாக அடுத்த ஊர் அரசாங்கப் பள்ளிக்கு நடக்க வேண்டும். கரை நெடுக கருவேலங்காடு. பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். துணைக்கு இன்னொருத்தி இருந்தால்தான் படிப்பு. நானும் துணையில்லாமல் அஞ்சாவதோடு நின்றவள்தான்.

என் மகளுக்குத் துணை இருந்தது, எதிர் வீட்டுப் பெண். காலையில் வாசலில் நின்று, "ஏய், வாரியாடி?" என்பாள். இவள் பாதிப் பின்னலோடு ஓடுவாள். அப்படியே ஆறாவது முடித்தார்கள்.

அந்தக் கோடையில் எதிர் வீட்டுக்காரி வந்தாள்.

"அக்கா, மகள டவுனுல காளவாசல் பக்கம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல சேத்துட்டோம். ஒரு வகுப்பு கொறச்சுத்தான் போட்டிருக்காக. இருந்தாலும் வேனு வாசலுக்கே வருதுல்ல. அந்தக் காட்டுப்பாதைய நெனச்சு இனி வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்க வேணாம்."

அதே நெருப்பு என் வயிற்றிலும் இருந்தது. வேனுக்கு எங்களிடம் வசதியில்லை. என் மகள் இனி யாரோடு போவாள் என்று கேட்க நினைத்தேன். "நல்லது தாயி" என்றேன்.

வீட்டுக்காரரிடம், நானே கூடப் போய்வருகிறேன் என்றேன். "நீ தெனம் போனா களையெடுக்க யாரு போறது? ஒத்தையில விட்டாலும் ஊரு வாயில விழணும்" என்றார்.

பள்ளி திறந்த அன்று மகள் இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தெருவில் ஹாரன் அடித்தது. அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"வேனு போயிருச்சாம்மா?"

"போயிருச்சு."

ரிப்பனை அவிழ்த்தாள்.

அடுத்தடுத்த வருஷங்களில் இன்னும் சில வீட்டுப் பிள்ளைகள் வேனில் ஏறினார்கள். ஒருத்தி ஏறினால் இங்கே இன்னொருத்திக்குத் துணை இல்லாமல் போயிற்று. அப்படி நின்றவர்கள் களைக்கும் பூப்பறிக்கவும் போனார்கள். கரைப்பாதையை முள் மூடியது.

எதிர் வீடு பூட்டிக் கிடந்து வெகுகாலமாகிறது. ஆனாலும் சில காலைகளில் "ஏய், வாரியாடி?" என்று கேட்கிறது. எழுந்து பார்ப்பேன். பூட்டுதான் தொங்கும்.

போன வாரம் மகள் வந்திருந்தாள். அவளே இப்போது பேரன் பேத்தி எடுத்தவள். காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏதோ ஒரு பள்ளி வேன் தெருவில் ஹாரன் அடித்தது. அவள் கை நின்றது.

நான் எழுந்து வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நானாகத்தான் சொன்னேன்.

"போயிருச்சு தாயி."