வார்னிஷின் காலை மூச்சு

கார் ஷெட்டில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவர் அவர். வார்னிஷ் என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். பெயின்டை இளக்க ஊற்றும் தின்னர் போதுமா என்பதை வாசனையில் கண்டுபிடிப்பார். முகமூடி போட்டால் மூக்கு வேலை செய்யாதாம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து போட்டதே இல்லை. கலர் ஒருநாளும் பிசகவில்லை. நுரையீரல்தான் பிசகியது.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிப்பது என் தொழில். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த வீட்டுக்கும் போகத் தொடங்கினேன். கைக்குள் அடங்கும் கருவி ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தினமும் காலையில் அதில் ஊத வேண்டும். வெளியே வரும் மூச்சை அளந்து, உள்ளே மூச்சுக்குழாய் எவ்வளவு புண்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடும். பச்சை விளக்கு என்றால் நிம்மதி, சிவப்பு என்றால் ஆபத்து. அளவு போன் வழியாக டாக்டருக்குப் போகும். அதை வைத்துத்தான் டாக்டர் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும்.

"குடிக்காதவனையும் ஊதச் சொல்ற காலம் வந்துடுச்சு பாத்தீங்களாக்கா!"

"பேச்சைக் குறைங்க. அதுக்கும் மூச்சுதான் செலவு."

ஷெட் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: போனில் பச்சையைக் காட்டினால் வேலை, இல்லையென்றால் வீடு. தினமும் பச்சைதான் வந்தது. டாக்டரும் மருந்தைப் பாதியாகக் குறைத்தார்.

ஆனால் மனிதர் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"என் எதிர்ல ஊதுங்க."

"காலையிலயே ஊதியாச்சேக்கா."

"பரவாயில்ல, இன்னொரு தடவை."

சிவப்பு.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பாமலே சொன்னாள்: "தினமும் நான்தாங்க்கா ஊதினேன். முதலாளிக்குக் காட்டத்தானேன்னு..."

"முதலாளிக்கு மட்டுமா போச்சு? டாக்டருக்கும்ல போச்சு! உன் மூச்சைப் பாத்துட்டு இவரோட மருந்தைக் குறைச்சிருக்காங்கம்மா."

அவள் ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடாதீங்கக்கா," என்றார் அவர். "வீட்டுல உக்காந்தா சுவத்துப் பல்லி மாதிரி ஆயிடுவேன்."

"பல்லிக்காவது உயிர் இருக்கும்."

அவர் எதிரிலேயே போன் செய்தேன். உடனே கூட்டி வரச் சொன்னார்கள். ஆட்டோ கூப்பிடத் தெருவுக்கு இறங்கினேன். அதற்குள் முதலாளியின் அழைப்பு வந்திருக்கிறது: காரின் சொந்தக்காரர் வந்து நிற்கிறார், கடைசி கோட் பெயின்ட் பாக்கி. நான் ஆட்டோவோடு வந்தபோது அவர் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டிருந்தார்.

"கால்ல விழாத குறையா கெஞ்சினேங்க்கா. அரை மணியில வந்துடறேன்னு போயிட்டாரு."

அதே ஆட்டோவில் ஷெட்டுக்குப் போனோம். பெயின்ட் அடிக்கும் அறையில் காருக்குப் பக்கத்தில் கிடந்தார். வாயோடு வாய் வைத்து ஊதினேன், நெஞ்சை அழுத்தினேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். ஆம்புலன்ஸ் வந்தபோது தூக்கிப்போக உடல்தான் இருந்தது.

முதலாளி கைகளைப் பிசைந்தபடி நின்றார்.

"இன்னைக்கும் பச்சைதானேம்மா காட்டினாரு?"

"அது என்னோட மூச்சுங்க," என்றாள் அவள்.

தின்னர் நெடியில் தலை சுற்றியது. அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து, காற்றுப்படும் இடத்தில் உட்கார வைத்தேன்.